எதிர்ப்பொருளதிகாரம்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தை ஒன்பது இயல்களோடு நிறுத்திக்கொண்டார். எதிர்ப்பொருளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உரை எழுதிய இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இதை ஒரு குறையாகக் காட்டவில்லை. அவரவர்க்கு அவரவர் காலத்து வேலை இருந்திருக்கும். விடுபட்டதை நிரப்புவதே இச்சிறு நூலின் நோக்கம். நூல் வழங்கும் எல்லை: வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம். கேட்போர்: மணிலா விதைப்போர், பாம்புக்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டோர், மருந்துக்கடை வாசலில் தயங்கி நின்றோர். ஆராய்ச்சியாளர்களும் கேட்கலாம்.

எடுத்துக்கொண்ட பொருள், சிகேஏபி4 என்னும் புரதத்தைக் கண்டறிய ஆய்வகங்களுக்கு விற்கப்படும் எதிர்ப்பொருள். ஆய்வகத்தில் ‘ஆன்டிபாடி’ என்பார்கள். அது ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டியில் வரும். உள்ளே ஐஸ் ஜெல் பொட்டலங்கள், நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒரு குப்பி, குப்பியின் அடியில் 100 மைக்ரோலிட்டர் திரவம். கண்ணுக்கு விடும் மருந்தின் கணக்கில் அது இரண்டு சொட்டு. அதிலும் பாதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், திறப்பதற்கு முன் குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி அடிக்கு இறக்கவேண்டும். அவசரக்காரர்கள் மேசையில் தட்டுவார்கள். திரவத்தில் சரிபாதி கிளிசரால், கெடாமலிருக்க 0.02 சதவீதம் சோடியம் அசைடு, அது விஷம். விலை பல ஆயிரம். கம்பெனியைப் பொறுத்து அரை லட்சத்தை நெருங்குவதும் உண்டு. காலிப் பெட்டி மீன் வாங்கிவரப் பயன்படும். வாங்கியதில் எது நிச்சயமாக வேலை செய்யும் என்று கேட்டால், இத்துறையில் தயங்காமல் சொல்லக்கூடியது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

இக்குப்பி நம் எல்லைக்குள் விருந்தாளியாக வருவதைவிட வழிப்போக்கனாக வருவதே மிகுதி. சென்னை விமான நிலையத்தில் இறங்கிப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகும் பெட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கவில்லை என்றால், ஜி.எஸ்.டி. சாலையில் வந்து திண்டிவனத்தில் இடப்பக்கம் திரும்பியாகவேண்டும். எதிர்ப்பொருளைச் சுரக்கவைப்பதற்காக விலங்குக்குள் செலுத்தும் புரதத்தோடு பல நேரம் ஜி.எஸ்.டி. என்றொரு வால்புரதத்தைச் சேர்த்திருப்பார்கள். பில்லிலும் ஜி.எஸ்.டி. உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இம்மூன்றும் ஒருங்கே கூடுமிடம் திண்டிவனம் மேம்பாலம். இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி அந்தப் புரதம். செல் என்பது கூழ் நிரம்பிய பை அன்று. உள்ளே சட்டகம் உண்டு. அதில் ஒரு வகை நுண்குழல்கள், 25 நானோமீட்டர் விட்டம் கொண்டவை. விழுப்புரம் சந்திப்பை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று ஐந்து திசைக்கும் அங்கிருந்து தண்டவாளம் பிரிவதைப் போல, சென்ட்ரோசோம் என்னும் இடத்திலிருந்து நுண்குழல்கள் செல்லின் ஓரங்களுக்குப் பிரிகின்றன. கைனசின் பெரும்பாலும் ஓரத்தை நோக்கிச் சரக்கிழுக்கும். டைனீன் சந்திப்புக்குத் திருப்பிக் கொண்டுவரும். நம் சிகேஏபி4 ரயிலும் அன்று, தண்டவாளமும் அன்று. தண்டவாளத்தை ஒட்டி எண்டோபிளாச வலை என்னும் நீளமான சவ்வுக் கொட்டகை விரிந்து கிடக்கிறது. அக்கொட்டகை இடம்பெயராதபடி தண்டவாளத்தோடு பிணைத்திருக்கும் முளை இது. கொட்டகையின் இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே முட்டுக்கொடுப்பதும் இதுவே. 602 அமினோ அமிலம் நீளம். இவ்வளவு ஒழுங்கான வேலையைச் செய்யும் ஒரு புரதத்துக்கு நிலையான பெயர் மட்டும் அமையவில்லை.

அதன் எடை ஏறக்குறைய 63 கிலோடால்டன். எடையையே பெயராக்கும் வழக்கப்படி முதலில் அதை பி63 என்றார்கள். 1998இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள், இது நுண்குழலோடு நேரடியாகப் பிணைகிறது என்று காட்டி, கிளிம்ப்-63 என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அதே 1998இல், பி53 குடும்பத்தைச் சேர்ந்த முற்றிலும் வேறான ஒரு புரதம் பி63 என்ற பெயரை எடுத்துக்கொண்டது. பிராஸ்டேட் திசுவில் புற்று உண்டா இல்லையா என்று பார்க்க நோய்க்குறியியல் மருத்துவர்கள் கேட்டு வாங்குவது இந்த இரண்டாமவரை. ஆக, ‘பி63 ஆன்டிபாடி ஒன்று’ என்று எழுதிக்கொடுத்தால் வருவது உட்கருவில் வேலை பார்ப்பவரா, கொட்டகையில் முட்டுக்கொடுப்பவரா என்பது எழுதியவரின் ஊழ்வினை. திருமுனைப்பாடி நாட்டில் அறுபத்துமூவரும் தனித்தனிச் சிலையாக நிற்கிறார்கள், அடியில் பெயர் எழுதியிருக்கிறது, ஆளுக்கொரு குருபூசை நாளும் உண்டு. இங்கே இருப்பது இரண்டே அறுபத்துமூன்று.

எதிர்ப்பொருளுக்குத் திணை வகுப்போம். முதற்பொருள் நிலமும் பொழுதும்: நிலம் மைனஸ் 20 டிகிரி, பொழுது, பெட்டி வந்த நாள்முதல் ஓராண்டு. கருப்பொருள் முயல், சுண்டெலி, ஆடு; சிறுபான்மை கழுதை. தெய்வம் கூறப்படவில்லை. உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும்.

கருப்பொருளுள் முயல் முதன்மை பெறும். சிகேஏபி4இன் ஒரு துண்டை முயலின் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். சில வாரம் விட்டு மறுபடியும் செலுத்துகிறார்கள். அந்நியச் சரக்கு என்று கண்ட முயலின் உடல் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. பிறகு காதோரத்து இரத்தக்குழாயிலிருந்து இரத்தம் எடுக்கிறார்கள். அதில் நாம் கேட்டது மட்டுமா இருக்கும்? முயல் தன் ஆயுளில் சந்தித்த கிருமிகள் அத்தனையோடும் அதற்கிருந்த பழைய பகை முழுவதும் இருக்கும். வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். செய்த பிறகும், அதே புரதத்தின் வெவ்வேறு மூலைகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களின் கூட்டமாகத்தான் அது இருக்கும். முயல் காலமானால் அடுத்த முயல் வரும். அதன் அபிப்பிராயம் வேறாக இருக்கும். குப்பியில் கம்பெனி பெயரும் பட்டியல் எண்ணும் மட்டும் மாறா.

இந்தத் தொல்லைக்கு கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வழி கண்டார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் ஒரே ஒரு சுண்டெலிச் செல்லை, சாகாத ஒரு புற்றுச்செல்லோடு இணைத்துவிட்டால், ஒரே எதிர்ப்பொருளை அது ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும். 1984இல் நோபல் பரிசு. சுண்டெலி தரப்பில் மேடையில் யாரும் இல்லை.

முயலின் எதிர்ப்பொருள் புரதத்தில் போய் உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அது உட்கார்ந்த இடத்தைக் காட்ட, முயலின் எதிர்ப்பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருளை ஓர் ஆட்டிடமிருந்து பெற்று, அதன் முதுகில் ஒளி தரும் நொதியை ஏற்றி அனுப்புகிறார்கள். ஆடு முயலுக்கு எதிர், கழுதை ஆட்டுக்கு எதிர். காட்டில் இம்மூன்றும் சண்டையிட்டதாகச் சங்க இலக்கியத்தில் சான்றில்லை.

இதெல்லாம் நமக்கு எட்டாத விஷயம் என்று கேட்போர் எழுந்துபோக வேண்டியதில்லை. திண்டிவனத்தில் எந்த மருந்துக்கடையிலும், செய்தித்தாளில் சுற்றி, மெதுவான குரலில் விற்கப்படும் கர்ப்பப் பரிசோதனை அட்டைக்குள் இருப்பவர்களும் இவர்களே. முதல் கோட்டில் கர்ப்ப ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. ‘சி’ என்று எழுதிய இரண்டாம் கோட்டில் சுண்டெலிக்கு எதிரான ஆட்டின் எதிர்ப்பொருள் காத்திருக்கிறது. அட்டை ஒழுங்காக வேலை செய்தது என்று சாட்சி சொல்வதைத் தவிர இக்கோட்டுக்கு வேறு வேலையில்லை. அது விழவில்லை என்றால் அட்டை செல்லாது, வேறு வாங்குங்கள் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். தன் தோல்வியைத் தானே அறிவிக்கும் பொருள் என்று பார்த்தால், இதற்கு ஈடாக அரசியலிலும் ஒன்று கிடையாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் இரத்த வகை பார்க்க ஓட்டில் இடும் நீலச் சொட்டும் மஞ்சள் சொட்டும் எதிர்ப்பொருள்களே. நீலம் ஏ-வைப் பிடிக்கும், மஞ்சள் பி-யைப் பிடிக்கும். தவறிப் பிடித்தால் ஆள் போய்விடுவார் என்பதால் அவை தவறிப் பிடிப்பதில்லை.

பாம்புக்கடி மருந்தும் அவ்வாறே. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை அங்கே எடுக்கிறார்கள். அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து, குதிரையின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை வடிக்கிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் இக்கலைக்காகப் பத்மஸ்ரீ பெற்றார்கள். குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: ஒரு மில்லிலிட்டர், நல்ல பாம்பு விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியனில் 0.6, கட்டுவிரியனில் 0.45, சுருட்டையில் 0.45. ஊருக்கு ஊர் விஷம் மாறுபடுகிறது, ஒரே மருந்து எல்லா ஊருக்கும் போதாது என்ற விவாதம் உண்டு, நியாயமான விவாதம். ஆனாலும் குப்பி தன் கணக்கைச் சொல்லிவிடுகிறது. எதிர்த்துப் பேச அதில் ஓர் எண் இருக்கிறது.

மணிலாவுக்கு வருவோம். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். இங்கே மணிலா, அல்லது மல்லாட்டை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வெளிவந்தது. சான்று விதை மூட்டையில் நீல அட்டை தைத்திருக்கும். ஆதார விதை என்றால் வெள்ளை, வல்லுநர் விதை என்றால் மஞ்சள். சான்று பெற மணிலா விதைக்குப் புறத்தூய்மை 96 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, முளைப்புத்திறன் 70க்குக் குறையக்கூடாது, ஈரப்பதம் 9ஐத் தாண்டக்கூடாது. அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். அப்படியும் உழவர் நம்புவதில்லை. மூட்டைக்குள் கையைவிட்டு, மேலே இருப்பதை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். நான்கு காயைப் பெருவிரலால் அழுத்தி உடைப்பார். பருப்பின் தோலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஒன்றை வாயில் போட்டு மெல்வார். ஒன்றும் சொல்லமாட்டார். விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுக்க வரும் வியாபாரிகளும் இதையே செய்வார்கள், இன்னும் அலட்சியமான முகத்தோடு.

ஆராய்ச்சி எதிர்ப்பொருளின் தாளில் என்ன இருக்கிறது? ‘வெஸ்டர்ன் பிளாட்டுக்கு 500இல் ஒன்று முதல் 2,000இல் ஒன்று வரை நீர்க்கவும். உகந்த அளவைப் பயனாளரே கண்டறியவேண்டும்.’ எத்தனை சதவீதம் சிகேஏபி4ஐப் பிடிக்கும், எத்தனை சதவீதம் வழியில் போகிறவரைப் பிடிக்கும் என்று எண் கிடையாது. ‘மனிதன், சுண்டெலி, எலி ஆகியவற்றில் வேலை செய்யும், பசுவிலும் செய்யும் என்று கணிக்கப்படுகிறது’ என்றிருக்கும். கணித்தது யார், எந்த ஓரையில் என்ற விவரம் தாளில் இருக்காது. சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு விற்கப்படும் சரக்கு, பரிசோதனை அட்டை, பாம்புக்கடி மருந்து, விதை ஆகிய மூன்றையும்விடக் குறைந்த சான்றோடு வருகிறது என்பது இந்நூலின் கோள்.

இதற்கு அளவையியல் விளக்கம் வேண்டும். அதற்கு வெளியூர் போகவேண்டியதில்லை. மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், ஒரு பொருளை எப்படி உறுதியாக அறிவது என்பதைச் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டார். காண்டல், கருதல், உரை, இன்மை, பொருள், ஒப்பு, ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று அளவை பத்து என்பாரும் உளர். எல்லாம் முதல் மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிபு. ஆய்வகத்தில் நடப்பதை இந்தப் பத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

வெஸ்டர்ன் பிளாட்டில், செல்களை அரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒரு தாளில் ஒற்றி, எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். 63க்கு நேரே ஒரு கறுப்புப் பட்டை விழுந்தால் காண்டல். 126இல் விழுந்தால், இரண்டாகச் சேர்ந்திருக்கிறது என்று கருதல். 40இல் விழுந்தால் சிதைந்த துண்டு, அதுவும் கருதல். 75இல் விழுந்தால் பாஸ்பேட்டு முதலானவை ஒட்டியிருக்கின்றன. 63இல் மட்டும் விழவில்லை என்றால், அந்தச் செல்லில் அப்புரதமே இல்லை. இது ஒரு புதிய கண்டுபிடிப்பு, கட்டுரையாக அனுப்பலாம். கம்பெனித் தாள் சொல்வது உரை. ஆனால் உரைக்கு ஆப்தன் வேண்டும், அதாவது பொய் சொல்வதால் ஆதாயம் இல்லாதவன். விற்பவனை அதில் சேர்ப்பதா என்று இக்கால ஆசிரியர் ஒருமுகமாகக் கூறவில்லை. உண்மையில் மிகுதியாகப் பயன்படுவது ஐதிகம். இந்த மரத்தில் இயக்கன் இருக்கிறான் என்று, முதலில் சொன்னவர் யாரென்று தெரியாமல் வழிவழியாகச் சொல்லிவருவதை ஐதிகத்துக்கு எடுத்துக்காட்டாகத் தருவார்கள். புளியங்காட்டால் பெயர் பெற்ற திண்டிவனத்துக்காரர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை. ‘இந்த ஆன்டிபாடியை முந்தைய கட்டுரையில் பயன்படுத்தியிருக்கிறார்கள்’ என்பது ஆய்வகத்து ஐதிகம். முந்தைய கட்டுரைக்காரர் அதற்கு முந்தையதைப் பார்த்தார்.

மிஞ்சியது இன்மை அளவை. சிகேஏபி4இன் மரபணுவையே நீக்கிய செல்லில் இதே எதிர்ப்பொருளை ஊற்றிப் பார்ப்பது. அங்கே அது எதையும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் அது சொன்னதெல்லாம் வேறு யாரையோ பற்றி. இந்தச் சோதனையை மாண்ட்ரியல் நகரை மையமாகக் கொண்ட ஒரு குழு, நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்காக விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களுக்குச் செய்து 2023இல் வெளியிட்டது. பாதிக்குமேல் ஏதேனும் ஒரு பயன்பாட்டில் தேறவில்லை. தேறாதவை ஏற்கனவே ஏராளமான கட்டுரைகளில் சான்றாக நின்றவை. சோதனைக்குச் சரக்கைக் கொடுத்தவை அதே கம்பெனிகள் என்பதையும், முடிவு தெரிந்தபின் பலவற்றைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், பலவற்றின் தாளைத் திருத்தினார்கள் என்பதையும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும். 2015இல் ‘நேச்சர்’ இதழில் நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட ஒரு குறிப்பு, சரிவராத எதிர்ப்பொருளால் உலகெங்கும் ஆண்டுதோறும் 80 கோடி டாலர் வீணாகிறது என்று மதிப்பிட்டது. எதிர்ப்பொருளின் மரபுவரிசையையே எழுதிவைத்துத் தயாரிக்கலாம், முயலை விட்டுவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனை, முயல்களின் கருத்தும் அதுவாகவே இருக்கும்.

மரபணு நீக்கிய செல்லை வாங்கப் போனால், அதன் விலை எதிர்ப்பொருளின் விலையைத் தாண்டிவிடுகிறது. சந்தேகத்தைத் தீர்ப்பது சந்தேகத்தைவிடச் செலவு என்பதால், பெரும்பாலோர் சந்தேகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பரிகார இயல். விதை முளைக்கவில்லை என்றால் விதை ஆய்வாளரிடம் போகலாம். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று எழுதியது. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் குற்றம் என்று ஒன்று அங்கே இருக்கிறது. விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம் என்று தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. எதிர்ப்பொருள் பிடிக்கவில்லை என்றால் மின்னஞ்சல் எழுதவேண்டும். முதலில் படம் கேட்பார்கள். பிறகு, புரதம் ஒற்றிய தாளைத் தடுப்புக் கரைசலில் ஊறவைத்தபோது பால்பொடி போட்டீர்களா, ஆல்புமின் போட்டீர்களா என்று கேட்பார்கள். எதைப் போட்டிருந்தாலும் மற்றதைப் போட்டிருக்கவேண்டும். எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள் என்று கேட்பார்கள். விழுப்புரம் பக்கத்தில் மின்தடை என்ற பதிலை அவர்கள் படிவம் ஏற்காது. நல்ல கம்பெனியாக இருந்தால் கடைசியில் மாற்றுக் குப்பி ஒன்று இலவசமாக வரும். லாட் எண் பழையதேதானா என்று பார்த்துக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. பழையதேயானாலும் மைனஸ் 20இல் வைக்கவேண்டும்.